வாந்தி எடுத்த பூனையைப் பட்டினி போடலாமா? 24 மணி நேரம் எங்கிருந்து தொடங்குகிறது?

சாம்பல்வால் எழுதியது:
"வாந்தி எடுத்த பூனைக்கு 24 மணி நேரம் எதுவும் கொடுக்காதீர்கள், வயிறு ஓய்வெடுத்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அது நாய்க்குச் சொல்லப்பட்டு வந்த பழைய யோசனை. அதைத் தூக்கி அப்படியே பூனையின் தலையில் கட்டியிருக்கிறார். பூனை இறைச்சியை மட்டுமே நம்பிப் பிறந்த உயிர். உணவு வராத நாளிலும் அதன் உடல் புரதத்தை எரிப்பதைப் போதிய அளவு குறைத்துக்கொள்வதில்லை. பட்டினி நீண்டால், சேமித்து வைத்த கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவிகிறது. அதை வெளியேற்ற வழியில்லாமல் கல்லீரல் திணறுகிறது. குண்டான பூனைக்கு இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பதே இதைத் தொடங்கி வைக்கப் போதும். காது மடலின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரியும் கட்டத்தில், குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவு செலுத்தித்தான் அதை மீட்க வேண்டியிருக்கும். எனவே 24 மணி நேரம் என்பது மருத்துவரிடம் போவதற்கான எல்லையே தவிர, பட்டினி போடுவதற்கான சீட்டு அல்ல.

பழுத்தஇலை எழுதியது:
"நேற்று ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம். அந்த ஒருவர் நான்தான். 19 ஆண்டுகளாகப் பூனை வளர்க்கிறேன். என் கையில் வளர்ந்தவை 11. அவை வாந்தி எடுத்த போதெல்லாம் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வந்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூடக் காது மஞ்சளாகவில்லை. கல்லீரலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது இரண்டு மூன்று நாள் பட்டினியில் தொடங்கும் நோய் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு, ஒரே ஒரு நாள் ஓய்வு சொன்ன என்னைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? உங்கள் எல்லையும் 24 மணி நேரம், என் ஓய்வும் 24 மணி நேரம். பிறகு சண்டை எதற்கு?

சாம்பல்வால் எழுதியது:
சண்டை எதற்கென்றால், உங்கள் கடிகாரம் வேறு, என் கடிகாரம் வேறு. நான் எண்ணுவது பூனை கடைசியாகச் சாப்பிட்ட நேரத்திலிருந்து. நீங்கள் எண்ணுவது அது வாந்தி எடுத்த நேரத்திலிருந்து. இரவு 7 மணிக்குச் சாப்பிட்ட பூனை, மறுநாள் முழுவதும் தட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய், பிற்பகல் 3 மணிக்கு வாந்தி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே 20 மணி நேரம் ஓடிவிட்டது. அதன்மேல் உங்கள் 24ஐ ஏற்றினால் 44. கூட்டத் தெரிந்தவர்கள் கூட்டிப் பார்க்கலாம். குட்டியாக இருந்தால் 24கூடக் கிடையாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே அதற்கு ஆபத்து.

மருந்துப்பெட்டி எழுதியது:
ஒரு விலங்கு மருத்துவமனையில் 6 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். கடிகாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, எதை வாந்தி என்கிறோம் என்று முடிவு செய்துகொண்டால் நன்றாக இருக்கும். வயிறு குலுங்கி, குமட்டி, எச்சில் ஒழுக வருவது வாந்தி. அவசரமாக விழுங்கிய உணவு எந்த முயற்சியும் இல்லாமல் செரிக்காத உருளையாக அப்படியே வெளியே வருவது வேறு; அதற்குப் பிறகு பூனை அதையே திரும்பத் தின்னப் பார்க்கும். முடி உருண்டை இன்னொன்று. அதேபோல, சாப்பிட விருப்பமே இல்லாத பூனையும், தட்டின் அருகே ஓடிவந்து வாய் வலியால் பின்வாங்கும் பூனையும் ஒன்றல்ல. நீங்கள் இருவரும் எந்தப் பூனையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பழுத்தஇலை எழுதியது:
சாம்பல்வால் அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. இரவு 7 மணிக்குச் சாப்பிட்டதை 7.20க்கு முழுவதுமாக வாந்தி எடுத்துவிட்டால், அந்தச் சாப்பாடு உங்கள் கணக்கில் உண்டா, இல்லையா? உண்டு என்றால் அது வயிற்றில் இல்லை. இல்லை என்றால் உங்கள் கடிகாரம் அன்று காலையிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால், ஒரே ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு விளையாடும் பூனையைக்கூட மறுநாள் காலையில் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமோ?

சாம்பல்வால் எழுதியது:
கணக்கில் இல்லை. வயிற்றில் தங்கிய கடைசிச் சாப்பாட்டிலிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது. இதைச் சொன்னதன் மூலம் நீங்களே என் பக்கத்து வாதத்தை வலுப்படுத்தியிருக்கிறீர்கள். ஏனென்றால் பட்டினி நேரம் நாம் நினைத்ததைவிட நீளமாகவே இருக்கிறது. மேலும், "ஒரே ஒரு முறை", "விளையாடும் பூனை" என்ற இரண்டும் உங்கள் நேற்றைய பதிவில் இல்லை; இன்று முளைத்தவை. நேற்று நீங்கள் எழுதியது "வாந்தி எடுத்த பூனை" மட்டுமே. அதைப் படித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை குமட்டிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடக்கும் பூனையின் தட்டை யாராவது எடுத்து வைத்தால், அதற்கு யார் பொறுப்பு? திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும் பூனை நீரையும் உப்புகளையும் சேர்த்தே இழக்கிறது. தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும்; கூடாரம் போல நின்றால் உடல் வற்றிவிட்டது. ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். 19 ஆண்டுகளில் ஒரு முறையாவது ஈறைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நிலாமுற்றம் எழுதியது:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் பூனைக்கு 2 வயது. இன்று காலையிலிருந்து 4 முறை வாந்தி எடுத்துவிட்டது. கடைசி இரண்டு முறை வெறும் மஞ்சள் நுரைதான் வந்தது. தட்டின் பக்கமே போகவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

சாம்பல்வால் எழுதியது:
கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று சரியாகச் சொல்லுங்கள் அம்மா. இது மிகவும் முக்கியம். பழுத்தஇலை அவர்களும் கவனிக்கட்டும்.

மருந்துப்பெட்டி எழுதியது:
நிலாமுற்றம், மணி இருக்கட்டும். ஆண் பூனையா? ஆண் என்றால், மணல் தொட்டிக்கு அடிக்கடி போய் முக்கிவிட்டுச் சிறுநீர் வராமல் திரும்புகிறதா என்று பாருங்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டாலும் பூனை வாந்தி எடுக்கும், சாப்பிடாது. அந்த அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். வீட்டில் லில்லிப் பூ இருக்கிறதா? இதழ், இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். முதலில் வருவது வாந்திதான். தடுப்பூசி ஏதாவது போடாமல் விட்டிருக்கிறீர்களா? மனிதர்களுக்கான மாத்திரை எதையாவது யாராவது கொடுத்தார்களா? பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். அதை முறிக்கும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் உடனே கிளம்புங்கள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றாலும், 4 முறை வாந்தியும் தண்ணீரைத் தொடாததும் சேர்ந்தால் இன்றே காட்ட வேண்டிய நிலைதான்.

மீசைக்காரி எழுதியது:
இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? உணவைக் கூழாக்கி, சிரிஞ்சில் எடுத்து, வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டால் பட்டினிப் பிரச்சினையே தீர்ந்துவிடும். இந்த 24 மணி நேர விவாதமும் தேவைப்படாது.

சாம்பல்வால் எழுதியது:
வந்துவிட்டார்கள். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவலாம் என்று சென்ற மாதம் சாதித்தவரும் இவர்தான்; அதிலுள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு, தடவினால் வலிப்பு வரும் என்று அன்று நான் 3 பதிவுகள் எழுத வேண்டியிருந்தது. இன்று சிரிஞ்சு. குமட்டிக்கொண்டிருக்கும் பூனையின் வாயில் கூழைத் திணித்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். தப்பித்தாலும், அந்த உணவின் வாசனையையே குமட்டலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, உடல் தேறிய பிறகும் அதைத் தொடாது. முதலில் மருத்துவர் குமட்டலை ஊசியால் அடக்க வேண்டும். அதன் பிறகு, உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கிய உணவை ஒரு தேக்கரண்டி வைத்தால் போதும், மணம் எழுந்து அதுவே வரும்.

மீசைக்காரி எழுதியது:
உண்ணி மருந்து விவாதத்தில் நான் கேட்டது கேள்வி, சாதிக்கவில்லை. பழைய பதிவுகளை எடுத்துப் படித்துவிட்டுப் பேசுங்கள். தன்னைத் தவிர எவருக்கும் பூனை வளர்க்கத் தெரியாது என்ற நினைப்பு உங்களுக்குச் சென்ற மாதமும் இருந்தது, இந்த மாதமும் இருக்கிறது.

பழுத்தஇலை எழுதியது:
ஒரு மாதம்தானா? எனக்கு 2 ஆண்டுகளாகத் தெரியும்.

நிலாமுற்றம் எழுதியது:
பெண் பூனைதான். லில்லி இல்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை, தடுப்பூசிகள் போட்டாகிவிட்டன. நேற்று இரவு 9 மணிக்குச் சாப்பிட்டது. அதில் பாதி இன்று விடியற்காலையில் வெளியே வந்துவிட்டது. ஈறைப் பார்ப்பதற்காக வாயைத் திறந்தபோது, நாக்கின் அடியில் சிவப்பாக ஏதோ கோடு போலத் தெரிந்தது. இரத்தம் என்று பயந்துவிட்டேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், நூல். நாக்கின் வேரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு முனையும் தொண்டைக்குள் போகிறது. நேற்று மாலை தையல் பெட்டியைத் திறந்து வைத்தபடி எழுந்து போயிருந்தேன்.

பழுத்தஇலை எழுதியது:
அப்படியா? பதற வேண்டாம். வழவழப்பாக ஏதாவது தடவி, மெதுவாக இழுத்துப் பாருங்கள், வந்துவிடும்.

மருந்துப்பெட்டி எழுதியது:
இழுக்காதீர்கள்! வெட்டவும் வேண்டாம். நூலின் ஒரு பகுதி நாக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, மறுமுனைகளைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நாடா கோத்த துணி போலக் குடல் சுருங்கிக்கொண்டே போகும். இழுத்தால் நூல் குடற்சுவரை அறுத்துக்கொண்டு வரும். ஊசி கோத்திருந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் போன நூலை அதற்குத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். உடனே கிளம்புங்கள், கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் இனி உணவும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாந்தி வரவழைக்கவும் முயல வேண்டாம்.

நிலாமுற்றம் எழுதியது:
கூடையில் வைத்துவிட்டேன். கிளம்புகிறேன்.

பழுத்தஇலை எழுதியது:
நூல் விஷயத்தில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், இருக்கட்டும். ஆனால் எல்லோரும் ஒன்றைக் கவனித்தீர்களா? மருத்துவமனையில் வேலை பார்ப்பவரே "உணவு கொடுக்காதீர்கள்" என்றுதான் எழுதியிருக்கிறார். நேற்று நான் எழுதியதும் அதே இரண்டு சொற்கள்தான். நான் சொன்னால் கொலைபாதகம், அவர் சொன்னால் மருத்துவமா?

சாம்பல்வால் எழுதியது:
அவர் சொன்னது மயக்க மருந்துக்கு முன்னால் சில மணி நேரம், மருத்துவரை நோக்கிப் போகும் வழியில். நீங்கள் சொன்னது வீட்டில் உட்கார்ந்தபடி 24 மணி நேரம். இந்தப் பூனையின் தட்டை எடுத்து வைத்துவிட்டு நாளை வரை அந்த அம்மா காத்திருந்தால், குடல் எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அவசரப்பட்டு எழுதிவிட்டேன், இருக்கட்டும்" என்று தாண்டிப் போக முடியாது. இழுத்திருந்தால்?

பழுத்தஇலை எழுதியது:
இழுக்கவில்லையே! நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? பூனை தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது என்று அவர் எழுதுகிறார், நீங்கள் மணி கேட்கிறீர்கள். அந்த மணியால் நூல் தெரிந்ததா?

சாம்பல்வால் எழுதியது:
ஈறைப் பார்க்கச் சொன்னது யார்? என் பதிவைப் படித்ததால்தான் அவர் வாயைத் திறந்திருக்கிறார். மேலே போய்ப் பாருங்கள்.

மருந்துப்பெட்டி எழுதியது:
நிலாமுற்றம் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று யாருக்காவது தெரியுமா?

மீசைக்காரி எழுதியது:
இன்னும் பதில் இல்லை. ஈறுக்குப் பட்டயம் எழுதி முடித்த பிறகு யாராவது அதையும் விசாரித்தால் நல்லது.

சாம்பல்வால் எழுதியது:
போயிருப்பார். இதற்கிடையில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டதில் பாதி வெளியே வந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். வெளியே வந்த சாப்பாடு கணக்கில் இல்லை என்று நான் முன்பே விளக்கியிருக்கிறேன். எனவே இந்தப் பூனையின் கடிகாரம் 9 மணிக்கு முன்பே, அதாவது அதற்கு முந்தைய வேளைச் சாப்பாட்டிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

பழுத்தஇலை எழுதியது:
பாதிதானே வந்தது? மீதிப் பாதி வயிற்றில்தானே இருந்தது? அந்தப் பாதியை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?