பிள்ளையோடு தினமும் ஒரு நடை: இலங்கை மலைநாட்டு அம்மா அப்பாக்களின் அனுபவம்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா:

கார்த்திகை மழையில் பிறந்தவள் என் மகள். முப்பது கழியும்வரை வாசலைத் தாண்டவே இல்லை. அம்மா ஜன்னல் இடுக்கெல்லாம் துணி திணித்து அடைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தணல் சட்டியும் வைத்திருந்தார். வீட்டுக்குப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ் உள்ளே காலை வைத்ததும், "முதல்ல இந்தத் தணலை வெளியே எடுங்க" என்றார். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் நச்சுக்காற்றுக்கு மணமே இல்லையாம். தாயும் பிள்ளையும் தூக்கத்திலேயே போய்விடலாம் என்றார். அன்றைக்குத் திறந்த ஜன்னலை அப்புறம் நான் பகலில் சாத்தவே இல்லை.

தை பிறந்து அவளுக்கு எட்டு வாரம் ஆனதும் வெளியே தூக்கிப் போக ஆரம்பித்தேன். நான் ஆசிரியை. பிரசவ லீவு 84 வேலை நாள். அந்த நாட்களை நாலு சுவருக்குள் கழித்தால் எனக்கே ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது. சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுகை வரும். நடக்கப் போன பிறகுதான் அது குறைந்தது. பிள்ளைக்காக நடந்தேன் என்று சொல்ல மாட்டேன், இருவருக்காகவும் நடந்தேன்.

முதல் நாள் செய்த பிழையைச் சொல்கிறேன். ஃபிளானல் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை, துவாய், அதற்கும் மேல் அம்மாவின் பழைய சால்வை. போனது காலை ஒன்பதரைக்கு. பனி விலகி வெயில் நன்றாக ஏறிவிட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகும்போது பிள்ளை வீறிட்டு அழுகிறாள், முகம் செக்கச்செவேல் என்றிருக்கிறது. பசி என்று நினைத்தேன். பால் குடிக்கவும் மாட்டேன் என்கிறாள். பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) ஆயம்மா அந்தப் பக்கம் வந்தவர், ஒன்றும் பேசாமல் இரண்டு விரலைப் பிள்ளையின் பிடரிக்குள் விட்டுப் பார்த்தார். விரல் நனைந்து வந்தது.

"குளிரல மக, பிள்ளை வேகுது."

தொப்பியையும் சால்வையையும் கழற்றி நிழலில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கி, பாலும் குடித்தாள்.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் கேட்டேன். கைகால் சில்லென்று இருப்பது சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கம்தான், அதை வைத்துக் குளிர் என்று முடிவு கட்ட வேண்டாம், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள் என்றார். நாம் போட்டிருப்பதைவிட ஓர் உடுப்பு கூடப் போட்டால் போதுமாம். மலைநாட்டில் நாம் எல்லோரும் குளிருக்குத்தான் பயப்படுகிறோம். வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹட்டன், கொட்டகலை எல்லாம் 1,200 மீற்றருக்கு மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். காற்று குளிராக இருப்பதால் தோல் சுடுவது நமக்குத் தெரியாது. ஆறு மாதம் வரை பிள்ளைக்கு நேர்வெயில் படக் கூடாது, இங்கே அதில் இன்னும் கவனம் வேண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டச் சொல்லும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை நம்பி இருக்காதீர்கள். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், இரண்டு வாரம் கடந்தும் போகாவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் நேரம் ஏழரையிலிருந்து எட்டரை வரை என்று ஆகிவிட்டது. தோட்டத்துப் படிக்கட்டில் தள்ளுவண்டி சரிவராது. சீத்தைத் துணியில் நெஞ்சோடு கட்டிக்கொள்வேன். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிள்ளையின் மோவாய் நெஞ்சில் ஒட்டித் தலை மடங்கக் கூடாது. மடங்கினால் மூச்சு விட முடியாது. இதை மட்டும் பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து பார்ப்பேன்.

சிங்கமலைச் சுரங்கப் பக்கத்தில் ரயில் ஊதும் சத்தம் காற்றில் வரும். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். அதுவரை என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை!

வழியில் கண்டவர்களில் மறக்க முடியாதவர், கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியம்மா. இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, முதுகில் கூடை. பிள்ளையைக் கண்டதும் ஓடி வந்தவர் ஒரு முழத்துக்கு அப்பால் நின்றுவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நேத்து மருந்தடிச்ச மலையில நின்னேன் தாயி, தொட மாட்டேன்" என்றார். அப்படியே நின்று பிள்ளையோடு பேசினார், அவள் சிரித்தாள். அன்றிலிருந்து தேயிலைக்கு மருந்தடிக்கிற நாளில் அந்தப் பாதையில் போவதில்லை. எந்த மலையில் அடிக்கிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்வேன்.

ஒரு தரம் மழை விட்டதும் குறுக்குப் பாதையில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் காலுறை விளிம்பில் ஓர் அட்டை, நூல் மாதிரி மெல்லிசு, அப்போதுதான் கடித்திருக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் பிள்ளைத் தோலுக்கு வேண்டாம் என்று நகத்தைப் பக்கவாட்டில் விட்டுத் தள்ளி எடுத்தேன். துளிதான், ஆனாலும் ரத்தம் வெகுநேரம் கசிந்தது. அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தேன், நின்றுவிட்டது. மழை நாளில் இப்போது கொங்கிறீற் பாதையில் மட்டும்தான்.

பண்டாரவளையிலிருந்து ஓர் அப்பா:

மனைவிக்கு ஆபரேஷன் பிரசவம். அவரால் பாரம் தூக்க முடியாது என்பதால் மகனோடு நடப்பது என் வேலையானது. டவுனில் ஓர் ஆண் தனியாகப் பிள்ளையோடு போனால் பார்க்காதவர் இல்லை. மரக்கறிக் கடைச் சிங்கள அம்மா தினமும் "பபாகே அம்மா கோ?" (பிள்ளையின் அம்மா எங்கே?) என்று கேட்பார். வீட்டில் தூங்குகிறாள் என்றால், நல்லது, தூங்கட்டும் என்று சிரிப்பார். நான்கு நாள் போகாவிட்டால் அவரே விசாரிப்பார்.

முதலில் தள்ளுவண்டியில் மெயின் ரோட்டில் போனேன். ஒரு லொறி ஏற்றத்தில் கியர் மாற்றியபோது கரும்புகை நேரே வண்டிக்குள் போனது. வண்டியின் உயரமும் புகைக்குழாயின் உயரமும் ஒன்று. அடுத்த நாளே உள் ரோட்டுக்கு மாறினேன். எங்கள் பக்கம் ஆடியில் மழையைவிடக் காற்றுத்தான் அதிகம், அதனால் காதை மூடும் மெல்லிய தொப்பி ஒன்று போடுவேன்.

இன்னொன்று, தெருநாய். குட்டி நாய்தான், விளையாட்டாகப் பாய்ந்து பிள்ளையின் குதிகாலில் நகம் பட்டுவிட்டது. ஒரு கோடு, அவ்வளவே. குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஊசி போட்டார்கள். சின்னக் கீறல்தானே என்று யாரும் விட்டுவிடாதீர்கள். நாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது.

நுவரெலியாவிலிருந்து இன்னோர் அம்மா:

என் பிள்ளை மாதம் நிறையாமல் 1.9 கிலோவில் பிறந்தவன். தையில் எங்கள் ஊரில் விடியற்காலைப் புல்லில் உறைபனி வெள்ளையாக நிற்கும். டொக்டர் சொல்லும்வரை வெளியே போகவில்லை, வீட்டுக்குள்ளேயே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். மூன்று கிலோ தாண்டிய பிறகு முதல் நாள் வாசல், அடுத்த வாரம் கேட், அப்புறம் கோவில் வரை. கோவிலில் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச வருபவர்களை எப்படித் தடுப்பது என்றுதான் தவித்தேன். "தடுப்பூசி இன்னும் முடியல அக்கா, காலை மட்டும் தொடுங்க" என்று சொல்லிப் பழகினேன். ஒருவரும் கோபிக்கவில்லை.

கொட்டகலை அம்மா மறுபடியும்:

அந்தக் கால் விஷயம் நல்லது, நானும் இனி அப்படியே சொல்கிறேன். எங்கள் அம்மா பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் நடையை எதிர்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தானாகவே சொன்னார்: "உன்னை ரெண்டு மாசத்துல கம்பளியில சுத்தி, பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுறதுக்கு) முன்னால பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போவேன். இருட்டு, பனி. நீ அழுறது மலை வரைக்கும் கேக்குற மாதிரியே இருக்கும். அதனாலதான் வேணாங்குறேன்."

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஏழரைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போவது அம்மாதான். தொப்பி போடுவதற்கு முன்னால் பிடரியைத் தொட்டுப் பார்க்கிறார்.