மறு: நாம் – நாங்கள் வேறுபாட்டுக்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி (ஆங்கிலத்தில் இன்குளூசிவ்), 'நாங்கள்' என்றால் கேட்பவர் சேரமாட்டார் (எக்ஸ்குளூசிவ்). திராவிட மொழிகள் பற்றிய கட்டுரைக்காக இந்த இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் குழுமத்தில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'இன்குளூசிவ்', 'எக்ஸ்குளூசிவ்' இரண்டுக்கும் 'உள்ளடக்கு பன்மை', 'விலக்கு பன்மை' என்று முடித்துவிடலாமா? திராவிட மொழிகள் கட்டுரை இந்த இரண்டு சொல்லுக்காகவே நிற்கிறது.

ஐயா, தயவுசெய்து முடித்துவிட வேண்டாம். 'விலக்கு பன்மை' எனக்கு உறுத்துகிறது. "நாங்கள் நேற்றுத் திருச்செந்தூர் போய் வந்தோம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்பவர் அவரை விலக்கியா பேசுகிறார்? தன்னோடு வந்த வீட்டாரைத் தன்னோடு சேர்த்துச் சொல்கிறார், அவ்வளவுதான். யாரைச் சேர்க்கிறோம் என்பதை வைத்தே தமிழ் இலக்கணம் இதை வகுத்திருக்கிறது. சொல்லும் அங்கேயே இருக்கிறது.

நன்னூல் 332ஆம் நூற்பாவை எடுத்துப் பாருங்கள். அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஆகியவை படர்க்கையாரையும், கும், டும், தும், றும் ஆகியவை இருபாலாரையும் (முன்னிலையார், படர்க்கையார் இரு பக்கத்தாரையும்) "தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை" என்கிறார் பவணந்தியார். தொல்காப்பிய வினையியலிலும் இதே விகுதிகள் வருகின்றன (ஓம் மட்டும் அங்கே இல்லை). 'நான்' என்பவர் ஒருவர்தான், அவர் பலராக முடியாது. பிறரைத் தன்னோடு உளப்படுத்தும்போதுதான், அதாவது உள்ளே சேர்த்துக்கொள்ளும்போதுதான், தன்மையில் பன்மை பிறக்கிறது. அதனால்தான் உரை மரபில் தன்மைப் பன்மைக்கு 'உளப்பாட்டுத் தன்மை' என்றே பெயர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிலர் 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்பதை 'நாம்' ஒன்றுக்கு மட்டும் வைத்து எழுதுகிறார்கள். உரை மரபின்படி நாங்களும் உளப்பாடுதான். பொதுப்பெயரை ஒரு வகைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்ற வகைக்கு 'உளப்படுத்தாத' என்று எதிர்மறையில் பெயர் தேட வேண்டியதாகிறது. ஆகவே என் முன்மொழிவு: 'நாம்' முன்னிலை உளப்பாடு, 'நாங்கள்' படர்க்கை உளப்பாடு. இப்படி இரண்டாகப் பிரிக்கும் பண்புக்குப் பொதுவாக 'உளப்பாட்டு வேறுபாடு'.

> நன்னூல் பேசுவது வினை விகுதியைப் பற்றி. நாம் கேட்பது பெயருக்கு. பொருந்துமா?

அம்மா கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இன்று நாம் போனோம், நாங்கள் போனோம் இரண்டுக்கும் ஓம் ஒன்றுதான். விகுதியில் இருந்த வேறுபாடு கரைந்துவிட்டது, பெயரில் நிற்கிறது. பெயரில் அது பழையதும்கூட. மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில், திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத் திராவிடத்துக்கு 'யாம்', 'ஞாம்' என்ற இரு வடிவங்களை மீட்டுருவாக்குகிறார். முதலாவது கேட்பவர் சேராதது, இரண்டாவது சேர்ந்தது. யாம் வேற்றுமை ஏற்கும்போது எம் ஆகும், நாம் நம் ஆகும். பேச்சிலிருந்து யாம் மறைந்து அந்த இடத்துக்கு நாங்கள் வந்த பிறகும், வேற்றுமை உருபு சேரும்போது பழைய எகரம் தலைகாட்டுகிறது: நாங்கள், ஆனால் எங்களை, எங்களுக்கு. 'நம்ம வீடு', 'எங்க வீடு' என்று தினமும் சொல்கிறோமே, அந்த நகரமும் எகரமும் அந்தப் பழைய இரட்டையின் எச்சம்தான். யாரைத் தன்னோடு சேர்ப்பது என்ற கேள்வி பெயருக்கும் வினைக்கும் பொதுவாக இருக்கும்போது சொல்லும் பொதுவாக இருப்பதில் தவறில்லை.

சரி, நம் மொழிக்குப் பொருந்துகிறது. கட்டுரை பேசும் மற்ற மொழிகளுக்கு? தெலுங்கில் மனம் முன்னிலை உளப்பாடு, மேமு படர்க்கை உளப்பாடு. மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். துளுவில் நம, எங்குளு. தெற்கோடு நிற்கவில்லை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழியிலும், ராஜ்மகால் மலைகளின் மால்டோவிலும் நாம், ஏம் என்ற இணை அப்படியே இருக்கிறது. நம்மிலிருந்து இத்தனை தொலைவில் இருப்பவர் வாயில் அதே 'நாம்' அதே பொருளில் வருகிறது என்பதைக் கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். படிப்பவருக்கு மொழிக்குடும்பம் என்றால் என்ன என்று வேறு விளக்கமே வேண்டியிருக்காது. குருக்கில் வினை விகுதியும் இரண்டுக்கும் வேறுவேறு. நன்னூலார் விகுதிக்குச் சொன்னது அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்தோ ஆரிய மொழிகளிலும் இது தென்படுகிறது. மராத்தியில் ஆபண், ஆம்ஹீ; குஜராத்தியில் ஆபணே, அமே. இந்தியில் ஹம் ஒன்றுதான். மேற்கிலுள்ள இந்த மொழிகள் திராவிட மொழிகளோடு பழகிப் பெற்ற பண்பு இது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

வேறுபாடு இல்லாத திராவிட மொழிகளும் உண்டு. இன்றைய கன்னடத்தில் நாவு ஒன்றே. பலூச்சிஸ்தானத்துப் பிராகுயியில் நன் ஒன்றே. இவற்றை 'வேறுபாட்டை இழந்த பன்மை' என்று நீட்டி எழுத வேண்டாம். கும், டும், தும், றும் விகுதிகளை 'இருபாலாரையும்' படுப்பவை என்று நன்னூலார் மூன்றாவது வகையாக வைத்தாரே (உண்கும், வருதும், சேறும் போன்றவை), அந்த வழியில் 'பொது உளப்பாடு' என்றால் போதும்.

> எங்கட பக்கம் எதிரில நிக்கிற ஆளையும் சேர்த்து "நாங்கள் போவம்" எண்டுதான் சொல்லுறது. அதை எங்க வைக்கிறது?

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்தக் குறிப்புக்கு நன்றி. அந்தப் பேச்சில் 'நாங்கள்' பொது உளப்பாடு. எழுத்துத் தமிழில் அதே சொல் படர்க்கை உளப்பாடு. ஒரே சொல்லின் இரு வழக்கையும் குழப்பமில்லாமல் எழுத முடிகிறது என்பதே இந்தப் பெயர்கள் வேலை செய்கின்றன என்பதற்குச் சான்று.

இன்னும் கடினமான சோதனை சந்தாலி. குருக் பேசுவோரின் அண்டை மொழி, ஆனால் திராவிடம் அல்ல, முண்டா மொழியினம். அதில் ஒருமை, பன்மையோடு இருவரை மட்டும் குறிக்கும் இருமையும் உண்டு. நானும் நீயும் என்றால் ஆலாங், நானும் அவரும் என்றால் ஆலிஞ். இரண்டு பேருக்கு மேல் போனால், கேட்பவர் சேர்ந்தால் ஆபோ, சேராவிட்டால் ஆலே. முன்னிலை உளப்பாட்டு இருமை, படர்க்கை உளப்பாட்டு இருமை, பிறகு இதேபோல் பன்மை இரண்டு. நான்கும் தடங்கலின்றி அமைகின்றன. 'விலக்கு இருமை' என்று எழுதிப் பாருங்கள், யாருக்காவது விளங்குமா?

ஒரு வரையறை மட்டும் தெளிவாக வேண்டும். நானும் நீயும் அவரும் மூவருமாகப் போனால் எது? முன்னிலையார் ஒருவர் சேர்ந்தாலே முன்னிலை உளப்பாடுதான். 'நாம்' அப்படித்தான் வழங்குகிறது. அகராதிப் பதிவில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

இது மொழியியல் கட்டுரைக்கு மட்டுமான வேலை இல்லை. செயலிகளை மொழிபெயர்க்கும் நண்பர்கள் நம் குழுமத்தில் பலர் இருக்கிறார்கள். "நாம் உங்கள் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை" என்ற வரியை எத்தனையோ திரைகளில் பார்க்கிறோம். கடவுச்சொல்லுக்கு உரியவரையும் நிறுவனத்தோடு சேர்த்துவிட்டது அந்த 'நாம்'. ஆங்கிலத்தில் இருப்பது பொது உளப்பாடு, தமிழில் இங்கே படர்க்கை உளப்பாடு வேண்டும், 'நாங்கள்' என்று எழுதுங்கள் என்று நடைக் கையேட்டில் ஒரே வாக்கியத்தில் சொல்ல நமக்கு இதுவரை சொல் இல்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பெயர் வைக்காமலே கவனமாக இருந்திருக்கிறார்கள். தமிழ் விவிலியத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றுதான் இருக்கிறது. கேட்பவர் கடவுள் என்பதால் அங்கே 'நம்' வர வழியில்லை.

ஆகவே குழுமச் சொற்பட்டியலில் உளப்பாட்டு வேறுபாடு, முன்னிலை உளப்பாடு, படர்க்கை உளப்பாடு, பொது உளப்பாடு என்ற நான்கையும் தெலுங்கு, குருக், கன்னட எடுத்துக்காட்டுகளோடு பதியக் கேட்டுக்கொள்கிறேன். 'உளப்பாடு' என்ற சொல்லே இளைஞர்களுக்குப் புரியாது என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். 'உட்பட' எல்லோருக்கும் தெரியும். 'என்னையும் உட்பட' என்று பள்ளிப் பிள்ளைகூட எழுதும். அந்தச் சொல்லின் உறவுதான் இது என்று பதிவில் குறித்தால் போதும். இதற்கும் மேலான சொல் யாரிடமாவது இருந்தால், சந்தாலியின் நான்கையும் அதில் எழுதிக் காட்டுங்கள், நானே முதல் ஆளாக ஏற்கிறேன்.

அன்புடன்