சின்ன மீன்தானே என்று சேர்த்த பிறகு உங்கள் கடல்மீன் தொட்டியில் நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

உப்புக்காற்று

மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். 110 லிட்டர் தொட்டி, ஒன்பது மாதமாக ஓடுகிறது. ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி, ஒரு சிக்ஸ்லைன் ராஸ் மீன். அப்புறம் ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கினேன். எல்லாமே விரல் நீள மீன்கள், ஒத்துப்போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் முழுக்க அது பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வெளியே வந்து, நீரோட்டத்துக்கு எதிராக நின்றுகொண்டு, அந்த நீளமான முதுகுத் துடுப்பை டக் டக்கென்று மடக்கி நிமிர்த்தியது. இதற்காகத்தானே இந்த மீனை வாங்கினோம் என்று இருந்தது. அப்போது ராஸ் வந்தது. கடிக்கவில்லை. உடம்பை வில் மாதிரி வளைத்து, பக்கவாட்டில் நெருங்கி நெருங்கி, அதை மேல்மூலைக்குத் தள்ளிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழகிவிடும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் தொட்டியில் ஃபயர்ஃபிஷ் இல்லை. ஹீட்டர் ஒயருக்காக மூடியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்திருந்தேன். ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே காய்ந்து கிடந்தது. வால்பக்கச் சிவப்பு மட்டும் மங்கவே இல்லை. ராத்திரியே ராஸைப் பிரித்து வைத்திருக்கலாம். அதுதான் உறுத்துகிறது.

பாறையிடுக்கு

எனக்கும் இதே வலிதான், ஆனால் மீன் வேறு. ராயல் கிராமா என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கி வந்தேன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், கிராமாவேதான் என்று விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் ஏற்கெனவே இருந்த கோபி மீனின் வால் கந்தலாகிவிட்டது.

ஒரு ராத்திரி டார்ச்சும் படமும் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். கிராமாவுக்கு ஊதாவும் மஞ்சளும் புள்ளி புள்ளியாகக் கலந்து மாறும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். என்னிடம் இருந்ததற்குப் பொட்டு இல்லை. இரண்டு நிறமும் கத்தியால் கீறினமாதிரி நேர்கோட்டில் பிரிந்திருந்தன. ராயல் டாட்டிபேக்! கரீபியன் பக்கத்து மீன் என்று நினைத்துப் பசிபிக்காரனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். கிராமாவும் தன் பொந்துக்கு முன்னால் வாயைப் பிளந்து மிரட்டும்தான், ஆனால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். டாட்டிபேக்குக்குத் தொட்டி முழுக்கத் தன் பொந்துதான். கோபியைக் காப்பாற்ற முடியவில்லை.

நடுநிசிப்பம்ப்

முதல் பதிவு போட்ட சகோவுக்கு: ராஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், எனக்கு உடன்பாடு இல்லை. என் 300 லிட்டர் தொட்டியில் நான்கு வருடமாக ஒரு சிக்ஸ்லைன் இருக்கிறது. கூடவே கோமாளி ஜோடி, டெயில்ஸ்பாட் பிளென்னி, ஒரு கோபி. யாருக்கும் துடுப்பு கிழிந்ததில்லை. தட்டைப்புழுத் தொல்லைக்காக அதைக் கடைசியாகத்தான் விட்டேன். ராத்திரியில் அது பாறை இடுக்கில் தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு உறை செய்துகொண்டு தூங்கும். முதல்முறை டார்ச் வெளிச்சத்தில் அதைக் கண்ட அன்று நானும் என் மகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், இன்னொரு மீன் போகக்கூடாது. பயந்த மீன் முதலில், வம்புக்கார மீன் கடைசியில். ஃபயர்ஃபிஷ், கார்டினல், கோபி இவை எல்லாம் இடம் பிடித்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் ராஸ், டாட்டிபேக், டாம்சல் பற்றி யோசிக்கவே வேண்டும். தொட்டியில் நைட்ரஜன் சுழற்சியை (மீன்கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியா வளர்வதை) தொடங்கி வைக்க டாம்சல் விடுவது பழைய வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுழற்சி முடிந்ததும் தொட்டி அதன் சொத்தாகிவிடும், பின்னால் வருகிற எல்லாரும் அத்துமீறி நுழைந்தவர்கள்தான். ஓட்டை போட்ட ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, புது மீனை நான்கைந்து நாள் அதில் வையுங்கள். பழைய மீன்கள் முட்டிப் பார்த்து, முறைத்துப் பார்த்து, அலுத்துவிடும். பெட்டியைத் திறக்கும் அன்று பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தால் இன்னும் நல்லது. ஒரே உடல்வாகு, ஒரே நிறம், ஒரே இரை உள்ள இரண்டு மீன்களைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தனித்தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துப் பார்க்காமல் எதையும் உள்ளே விடாதீர்கள், விரட்டப்பட்டு ஒடுங்கிய மீனைத்தான் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் பிடிக்கிறது. மூடிக்குக் கண்ணாடியை விட நெருக்கமான வலை மேல். காற்றும் போகும், ஒயருக்காக வெட்டிய மூலையையும் அதே வலையால் அடைக்கலாம்.

கோப்பிபாட்

நடுநிசிப்பம்ப், 300 லிட்டரில் நடந்ததை வைத்து 110 லிட்டர்காரருக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமா? உங்கள் தொட்டியில் விரட்டப்பட்ட மீனுக்கு ஓடிப்போய் ஒளிய இன்னொரு முனை இருக்கிறது. அவர் தொட்டியில் எந்த மூலைக்குப் போனாலும் ராஸின் கண்ணில்தான் படும்.

வரிசை சரியாக இருந்தால் போதும் என்பதும் இல்லை. என் மாண்டரின் மீனை யாருமே தொடவில்லை. கோமாளிகளும் அதுவும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. பச்சையும் நீலமும் ஆரஞ்சும் நெளிந்த உடம்போடு நாள் முழுக்கப் பாறையில் எதையோ கொத்திக்கொண்டே இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் அது கண்ணாடியோரம் வந்து நின்றபோது மேலிருந்து பார்த்தேன். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது, முதுகு கத்திமுனை மாதிரி. நான்கு மாதத் தொட்டியில் அதன் இரையான கோப்பிபாட் (பாறையில் வாழும் பொடி உயிரிகள்) எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. அது வெறும் பாறையைக் கொத்திக்கொண்டிருந்திருக்கிறது. உறைய வைத்த ஆர்ட்டீமியா என்ற பொடி இரையைக் குழாயால் அதன் வாய்க்கு நேராக விட்டேன். அது தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோமாளி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. பதினொரு நாள் இப்படியே போராடினேன்.

சண்டை வராவிட்டால் பொருந்திவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இன்னொன்று, சிக்ஸ்லைனும் அதே கோப்பிபாட்டைத்தான் மேய்கிறது. ராஸை மெச்சிக்கொள்கிறவர்கள் கூடவே மாண்டரின் வாங்கப் போகாமல் இருந்தால் சரி.

செந்துடுப்பு

ஃபயர்ஃபிஷ் தனியாக இருந்ததால் பயந்துவிட்டது, ஜோடியாக விடலாம் என்று யாராவது சொல்லப்போகிறார்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாங்கினேன். மூன்று வாரம் ஒரே பொந்தில் இருந்தன. நான்காவது வாரம் ஒன்று தண்ணீர் மட்டத்தில், மூலையில், மூக்கு மட்டும் தெரிய நின்றது. இன்னொன்று கீழே காவல் நின்றது. உண்மையான ஜோடி என்று தெரியாவிட்டால் ஒன்றே போதும்.

மணல்மேடு

எல்லாரும் இழப்பையே எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, பிஸ்டல் இறால் ஒன்று. இரண்டையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு மூலையில் விட்டேன். இறால் போன இடமே தெரியவில்லை, ராத்திரியில் சடக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். பத்தொன்பதாம் நாள் பார்க்கிறேன், கோபி வளை வாசலில் படுத்திருக்கிறது. பின்னாலிருந்து இறால் மணலை வாரிக்கொண்டு வந்து கொட்டுகிறது. கொட்டும்போதெல்லாம் அதன் உணர்கொம்பு ஒன்று கோபியின் வால்மேல் தொட்டபடியே இருக்கிறது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, கோபிதான் காவல். நான் கையைத் தூக்கியதும் கோபி வாலை லேசாக உதறியது, இறால் அந்த நொடியே உள்ளே போய்விட்டது. சாப்பாடு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உப்புக்காற்று

எல்லாருக்கும் நன்றி. நடுநிசிப்பம்ப், கோபமில்லை. ராஸ் எனக்கும் பிடித்த மீன்தான், அதை ஃபயர்ஃபிஷுக்கு முன்னால் விட்டது நான்தான்.

பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு வைத்தேன். இரண்டு நாள் கோமாளிகள்தான் மாட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் ராஸ் உள்ளே போனது. பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் அதை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நிறைய நாள் யோசித்தேன். தனித்தொட்டியில் ஐந்து வாரம் வைத்திருந்த ஒரு ஃபயர்ஃபிஷ் இப்போது உள்ளே பெட்டியில் இருக்கிறது. பெரிய கோமாளி இரண்டு தடவை வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்று காலை விளக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ஃபயர்ஃபிஷ் துடுப்பை இரண்டு தடவை ஆட்டியது. பெட்டியை ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்றிருக்கிறேன். ஒயர் போகும் மூலையில் வலை ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.