மாஞ்சோலை போய் வந்தாச்சு: சிங்கவால் குரங்கு பற்றிக் கேட்டிருந்தேனே, அதன் புதுப்பிப்பு

மார்கழியில் நம்ம திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை மலை ஏறினால் சிங்கவால் குரங்கைப் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அதே போலக் கறுப்பாக இருக்கும் வேறு குரங்கான கருமந்தியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் என்று ஒரு அண்ணாச்சி எச்சரித்திருந்தார், சரியாகத்தான் சொன்னார்.

வனத்துறை அனுமதியோடு மணிமுத்தாறு செக்போஸ்டைத் தாண்டி ஏறினோம். மாஞ்சோலை வரைக்கும் பனிமூட்டம், எதிரே வண்டி வந்தால்கூடத் தெரியாது. காக்காச்சி பக்கம் மரத்தில் கறுப்பாக ஏதோ அசைய, மனசு துள்ளியது. பைனாகுலரில் பார்த்தால் நீண்டு தொங்கும் வால், முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி இல்லை. கருமந்திதான். அதுவும் அழகுதான்.

நாலுமுக்கு தாண்டி வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா நின்றோம். அரைமணி நேரம் கழித்து வெடிப்பலா மரத்தின் உச்சியிலிருந்து முள்ளுக்காயின் தோல் பொத்துப் பொத்தென்று விழுந்தது, நிமிர்ந்து பார்த்தால் வெள்ளிப் பிடரியும் நுனியில் குஞ்சம் வைத்த வாலுமாக ஒரு கூட்டமே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது, அதில் ஒரு தாயின் வயிற்றில் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் உயிர், நம்ம ஊர் மலையில், தலைக்கு மேலே! கண் கலங்கிவிட்டது.

அப்புறம், போகிறவர்கள் தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள். தின்று பழகினால் ரோட்டுக்கு இறங்கி வண்டியில் அடிபடும்.