பிரையர் ஆர்ட்: முன்கலை வேண்டாம், முன்வெளிப்பாடு என்று வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக எல்லா மடல்களையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டதால் உட்கார்ந்து பதில் எழுத இன்றுதான் முடிந்தது. மாணவர் கையேட்டில் ஆக்கவுரிமை அத்தியாயம் (பேட்டன்ட்; தமிழ்நாட்டு நண்பர்கள் காப்புரிமை என்று வாசித்துக்கொள்ளுங்கள்) என் பொறுப்பில் இருப்பதால், பிரையர் ஆர்ட் என்பதற்கு, அதாவது ஒருவர் ஆக்கவுரிமை கேட்க முன்னரே உலகில் வெளிப்பட்டிருந்த எல்லாவற்றுக்கும், ஒரு தமிழ்ச் சொல்லை இந்தக் கிழமைக்குள் முடிவுசெய்தாக வேண்டும். இதுவரை வந்தவை முன்கலை, முன்னறிவு, ஏலவறிவு, முன்வெளியீடு, அப்புறம் பேசாமல் பிரையர் ஆர்ட் என்றே எழுதிவிடலாம் என்ற யோசனை. என் தெரிவு முன்வெளிப்பாடு. காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் திருகோணமலை உவர்மலையில், உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகள் பதினைந்து பேரோடு இந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தோம். வரைவில் அப்போது முன்கலை என்றுதான் போட்டிருந்தேன். பலகையில் எழுதியதும் முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "மிஸ், இளங்கலை முதுகலை மாதிரி இதுவும் ஒரு பட்டமா?" என்று கேட்டது. பின்னாலிருந்த பொடியன், "இல்லை, சங்கீதம் நடனம்" என்றான். விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் போனது, அதற்குப் பிறகும் ஒரு கொப்பியில் 'முன்கலை = பழைய கலைகள்' என்று இருந்தது. பிள்ளையில் பிழை இல்லை. சொல் அப்படித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறது.

சென்னை நண்பர் எழுதியிருந்தார்: "கலைச்சொல் என்ற சொல்லிலேயே கலை இருக்கிறது, ஆயகலை அறுபத்துநான்கில் கைத்தொழிலும் உண்டு, பிறகு முன்கலை மட்டும் எப்படித் தப்பாகும்?" நியாயமான கேள்வி. பழைய பொருளில் கலை என்பது தொழிற்கலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கலைச்சொல் என்பதை இன்று யாரும் பிரித்து வாசிப்பதில்லை, ஒரே சொல்லாகப் பழகிவிட்டது. புதுச்சொல்லை எல்லாரும் பிரித்துத்தான் வாசிப்பார்கள், பிரிக்கும்போது கலை என்றால் அவர்கள் மனதில் வருவது கலைவிழாதான்.

முன்னறிவு, ஏலவறிவு இரண்டிலும் எனக்குள்ள சிக்கல் 'அறிவு' என்ற பகுதி. இது எனக்குப் பிடிபட்டது தம்பலகாமத்தில்.

அதே வகுப்பில் தம்பலகாமத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். யூரியாவைக் களிமண்ணுக்குள் பொதிந்து, தேசிக்காய் (எலுமிச்சை) அளவில் உருட்டி, நிழலில் காயவைத்து, பால்மா டின் மூடியில் இரண்டு உருண்டை கொண்டுவந்திருந்தான். நாலு நாற்றுக்கு நடுவில் ஒரு உருண்டையைச் சேற்றுக்குள் விரலால் அமத்திவிட்டால் போதும், வீசத் தேவையில்லை என்றான். சரியான சிந்தனைதான். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு, ஆனால் தண்ணீர் நிற்கிற வயலில் மேலே வீசினால் அதில் ஒரு பகுதி அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும், இன்னொரு பகுதி வாய்க்காலோடு போகும். சேற்றின் ஆழத்தில் வைத்தால் அமோனியமாகவே வேரடியில் கிடக்கும். பையன் இதற்கு ஆக்கவுரிமை எடுக்க வேண்டும் என்று நின்றான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மப்பா திண்ணையில் இருந்து ஒரு உருண்டையைக் கையில் வாங்கி, நகத்தால் கொஞ்சம் சுரண்டி, மணந்து பார்த்தார். "இது நாங்கள் பசளைக்குத் தட்டுப்பாடு வந்த வருசம் செய்ததுதானே மகள். ஒரு அந்தர் யூரியாவை ரெண்டு ஏக்கருக்கு இழுக்க வேண்டியிருந்தது. பக்கத்து வயல்காரருக்கும் நான் உருட்டிக் காட்டினேன்." 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்த வருடத்தைத்தான் சொல்கிறார். பையனின் முகம் வாடிப்போனது. "அப்ப இது முன்கலையா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மண்ணுருண்டையில் யூரியாவை ஆழமாக இடுவது நெல் ஆராய்ச்சியில் 1970களிலேயே எழுதப்பட்ட முறை, அம்மப்பாவோடு முடிகிற கதை இல்லை. ஆனால் அம்மப்பாவின் பங்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவர் அதை மனதுக்குள் அறிந்திருந்தார் என்பது கணக்கில் வராது. வீட்டுக் கோடிக்குள் யாருக்கும் காட்டாமல் உருட்டி வைத்திருந்தால் அது அறிவுதான், ஆனால் பேரனின் விண்ணப்பத்தைத் தடுக்காது. வெட்டவெளி வயலில் செய்தார், பக்கத்துக்காரருக்கும் காட்டினார் பாருங்கள், கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வேலையைச் செய்வது 'வெளிப்பட்டது' என்ற பகுதி. நம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதையேதான் சொல்கிறது: விண்ணப்பத் திகதிக்கு முன்னர், உலகில் எங்கேயாவது, எழுத்திலோ வாய்மொழியிலோ பயன்பாட்டிலோ வேறெந்த வழியிலோ பொதுமக்களுக்கு வெளிப்படுத்தப்பட்ட எல்லாம். அம்மப்பா வயலில் இட்டது பயன்பாடு, பக்கத்துக்காரருக்குச் சொன்னது வாய்மொழி.

முன்னறிவில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதைக் கேட்டதும் வருவதை முன்கூட்டி அறிவது என்றுதான் எவரும் நினைப்பார்கள், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

மட்டக்களப்பு அண்ணா கணினிப் பக்கத்திலிருந்து கேட்டிருந்தார்: "வயல் கதை சரி தங்கச்சி, எங்கள் துறையில் எல்லாம் தாளில் வந்ததுதானே, முன்வெளியீடு போதாதா?" அண்ணா, கணினிக்காரர்தான் இந்தச் சொல்லுக்கு முதலில் மாட்டுவார். வெளியீடு என்றால் பொறியிலிருந்து வெளிவருவது, அல்லது மென்பொருளின் பதிப்பு. முன்வெளியீடு என்று போட்டால் மென்பொருளைச் சோதனைக்கு முன்கூட்டி விடுவது என்றுதான் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

தாள் விசயத்துக்கு, அமெரிக்காவின் முதற்காலக் கணினிகளில் ஒன்றான எனியாக்கின் வழக்கையே எடுத்துக்கொள்வோம், கணினி வரலாற்றில் இதைவிடப் பெரிய ஆக்கவுரிமை வழக்கு எனக்குத் தெரியவில்லை. அதை ஆக்கிய எக்கர்ட்டும் மௌக்லியும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தது 1947 யூன் 26. அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பு, 1945 யூன் 30 என்று திகதியிட்டு, அடுத்து ஆக்கவிருந்த எட்வாக் கணினி பற்றிய அறிக்கையின் முதல் வரைவு கணிதவியலாளர் ஃபொன் நொய்மான் பெயரில் சுற்றுக்கு விடப்பட்டிருந்தது. கணக்கிடும் பகுதி, கட்டுப்படுத்தும் பகுதி, நினைவகம் என்று இன்றைய செயலிகளை நாம் பிரித்துப் பேசும் முறை பெரும்பாலும் அந்த அறிக்கையோடு பரவியதுதான். புத்தகமாக அச்சிட்டு விற்கவில்லை, முற்றுப்பெறக்கூட இல்லை, தட்டச்சுப் பிரதிகளாகக் கைக்குக் கை போனது, அவ்வளவுதான். ஆக்கவுரிமை 1964இல் கிடைத்தது. 1973 ஒக்டோபர் 19 அன்று மினியாபொலிஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஏர்ல் லார்சன் அது செல்லாது என்று தீர்த்தார். கருத்து, முன்பே ஒரு கணினி செய்திருந்த அட்டானசோஃபிடமிருந்து பெறப்பட்டது என்பது ஒரு காரணம், விண்ணப்பத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே பொறி பயன்பாட்டில் இருந்தது இன்னொரு காரணம், சுற்றுக்கு விட்ட அந்த வரைவும் ஒரு காரணம். முடியாத ஒரு தட்டச்சு வரைவை வெளியீடு என்று நம் பிள்ளைகள் யாரும் சொல்லமாட்டார்கள். வெளிப்பட்டுவிட்டது என்று சொன்னால் உடனே விளங்கும்.

எழுத்து மட்டும் போதுமா, பயன்பாடும் வேண்டுமா என்பது நம் ஊர்களுக்கு மிகவும் முக்கியம். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் கொடுத்த ஆக்கவுரிமையை 1997இல் நீக்கவைக்க இந்தியத் தரப்பு எழுத்துச் சான்றுகளைத் தேடித்தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் வெளிநாட்டில் புழக்கத்தில் இருந்ததை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் கொடுத்தது வேறு மாதிரி, அங்கே முந்திய பயன்பாடும் எடுபடும் என்பதால் இந்தியாவில் ஏற்கெனவே பயன்படுத்தியதற்கான சாட்சியமே அதைச் சாய்த்தது. 2000இல் நீக்கினார்கள், 2005இல் மேன்முறையீட்டிலும் அதுவே நின்றது. எழுதிவைக்காத நம் கிழவர்களின் வேலையும் இந்தச் சொல்லுக்குள் அடங்கியாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். முன்வெளியீடு அவர்களை வெளியே விட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்வெளிப்பாடு இருக்கிறது என்றாலே ஆக்கவுரிமை போய்விட்டது என்று பொருளாகிவிடக் கூடாது. தம்பலகாமத்துப் பையன் அப்படித்தான் நினைத்து வாடினான். யூரியாவுக்கு மூலப்பொருளான அமோனியாவின் கதை இதற்கு நல்ல மருந்து. நைதரசனையும் ஐதரசனையும் அழுத்தத்தில் சேர்க்கும் பரிசோதனையை ஜேர்மன் இரசாயனவியலாளர் நேர்ன்ஸ்ட் 1907இலேயே செய்து வெளியிட்டுவிட்டார், 75 வளிமண்டல அழுத்தம் வரை போயிருந்தார். அதே நாட்டு இரசாயனவியலாளர் ஹாபர் 200 வளிமண்டலத்தை நெருங்கி, ஒஸ்மியத்தை ஊக்கியாக வைத்து, வாயுவைச் சுற்றிச்சுற்றி விட்டு 1909இல் கார்ல்ஸ்ரூவில் அமோனியாவைத் துளித்துளியாக விழவைத்துக் காட்டினார். ஹாபரின் முறைக்குப் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் வைத்திருந்த ஆக்கவுரிமையை உடைக்க ஹெக்ஸ்ட் நிறுவனம் லைப்சிக்கில் வழக்குப் போட்டு, இதில் புதிதாக ஒன்றும் இல்லை, நேர்ன்ஸ்ட் செய்ததுதான் என்று வாதாடியது. 1912இல் அந்த நேர்ன்ஸ்டே ஹாபர் பக்கம் நின்று சாட்சி சொன்னார், வழக்குத் தள்ளுபடியானது. முந்திய வெளிப்பாடு அங்கே இருக்கத்தான் செய்தது, ஆனால் அதிலிருந்து ஹாபர் எடுத்துவைத்த அடி பெரியது. அடுத்த வருடமே ஜேர்மனியின் ஒப்பாவில் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியது, இன்று கந்தளாயில் இறங்கும் யூரியா மூட்டைக்கும் வேர் அங்கேதான்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கிளிசறியா நம் எல்லார் வேலியிலும் நிற்கிறது, அதன் குழையை வயலுக்குப் போடுவது யாருக்கும் புதிதில்லை, யூரியாவும் புதிதில்லை. இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்கள், எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிமமான ஐதரொட்சி அப்பற்றைற்றின் நுண்துணிக்கைகளில் யூரியாவை ஏற்றி, அதைக் கிளிசறியாத் தடியின் துளைகளுக்குள் புகுத்தி, மெதுவாக விடும் பசளை ஒன்றை ஆக்கினார்கள். 2017இல் அவர்கள் வெளியிட்ட யூரியாக் கலப்பு வெறும் யூரியாவைவிட நைதரசனை 12 மடங்கு மெதுவாக விடுகிறது. வேலித்தடி முன்வெளிப்பாடு, யூரியா முன்வெளிப்பாடு, இரண்டையும் அந்த நுண்துணிக்கை வழியாகச் சேர்த்த விதம்தான் புதிது. இந்த ஒரு வாக்கியத்தில் முன்கலை என்று போட்டு வாசித்துப் பாருங்கள். வேலித்தடி எப்படி முன்கலையாகும்?

ஏலவறிவைப் பற்றி. அதை முன்மொழிந்தவர் எங்கள் பக்கத்து ஆள்தான், ஏலவே (ஏற்கெனவே) என்ற சொல்லைக் கையேட்டில் வேறெங்காவது நிச்சயம் வைக்க வேண்டும், எனக்கு அவ்வளவு பிடித்த சொல் அது. ஆனால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பேச்சில் அது இல்லை, ஏலக்காயா ஏலம் போடுவதா என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு கரைக்கும் பொதுவான சொல் கிடைக்கும்போது அதை எடுப்போம்.

முன்வெளிப்பாட்டுக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. ஏழு எழுத்து, நீளம்தான். சுருக்கி முன்வெளி என்று வைக்கலாம் என்று முதலில் எழுதிப் பார்த்தேன், வீட்டு முற்றம் மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன். பாலையூற்றில் மறைக்கல்வி படிப்பிக்கும் அக்கா ஒருவர், வெளிப்பாடு என்றதும் எங்களுக்குத் திருவெளிப்பாடு நூல்தான் நினைவுக்கு வரும் என்றார். உயிரியலில் மரபணு வெளிப்பாடும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் மறைந்திருந்தது வெளியே வருவது என்ற ஒரே கருத்துத்தான் ஓடுகிறது, அதனால் மோதல் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு வசதி, விண்ணப்பத்தில் புத்தாக்கத்தை விபரிக்கும் பகுதியை நாம் ஏலவே வெளிப்படுத்தல் என்று எழுதிவிட்டோம். விண்ணப்பகாரர் செய்வது வெளிப்படுத்தல், அவருக்கு முன்பு நடந்தது முன்வெளிப்பாடு. இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்று நாம்தானே பேசிக்கொண்டோம். "விண்ணப்பிக்க முன்னர் முன்வெளிப்பாட்டுத் தேடல் செய்க." "இதற்கு மிக நெருங்கிய முன்வெளிப்பாடு நேர்ன்ஸ்டின் 1907ஆம் ஆண்டுப் பரிசோதனை." "முதலாம் உரிமைக்கோரல் முன்வெளிப்பாட்டில் முழுமையாக உள்ளது, ஆகவே புதுமை இல்லை." எனக்கு வாயில் தடங்கவில்லை. உங்களுக்கு எங்காவது இடறினால் அந்த வாக்கியத்தையே எடுத்துப் போடுங்கள்.

பிரையர் ஆர்ட் என்றே வைப்போம் என்றவர்களுக்கு ஒன்று. யூரியா, ட்ரான்சிஸ்டர் போன்றவற்றை அப்படியே எடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும், அவை பொருட்களின் பெயர். இது ஒரு கருத்து, அதுவும் பிள்ளை தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்க உதவும் கருத்து. சொல்லிலேயே வழி தெரிய வேண்டும்.

அந்தப் பையன் இப்போது உருண்டையை விட்டுவிட்டு, குனியாமல் நின்றபடி அதைச் சேற்றுக்குள் இறக்கும் ஒரு குழல்கருவி செய்கிறான், பி.வி.சி. குழாயும் சைக்கிள் பிரேக் கம்பியும் வைத்து. போன ஞாயிறு கொப்பியைக் காட்டினான். முதல் பக்கத்தில் முன்வெளிப்பாடு என்று தலைப்பிட்டு, இதுபோன்ற கருவிகள் எந்த நாட்டில் என்னென்ன வந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியிருக்கிறான். நான் எழுதச் சொல்லவில்லை.

அடுத்தது, பெர்சன் ஸ்கில்ட் இன் த ஆர்ட், அதாவது அந்தந்தத் துறை வேலையில் தேர்ச்சி உள்ளவர். இங்கேயும் அதே ஆர்ட். வரைவில் கலைவல்லுநர் என்று கிடக்கிறது, அதை எடுத்தே ஆக வேண்டும். துறையறிந்தவர் என்று போடலாமா, கைதேர்ந்தவர் என்று போடலாமா? எனக்குத் துறையறிந்தவர் பக்கம் மனம் சாய்கிறது, ஆனால் படிக்காத நல்ல மெக்கானிக்கும் அதற்குள் வருவாரா என்பதில் தயக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனி காலை அத்தியாயத்தை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து