குடியரசுக் கட்சி வெள்ளை மாளிகைக்குத் திரும்பியபோது நியூ டீலை ஏன் கலைக்கவில்லை?

கேள்வி:

அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை நடந்த அதிபர் தேர்தல்களை வரிசையாகப் படித்துவருகிறேன். 1930களின் பொருளாதார மந்தநிலையில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நியூ டீல் என்ற நிவாரண, நலத் திட்டங்களில் தொடங்கி, அரசின் கை நீண்டுகொண்டே போன காலம் அது. 1930இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 3 சதவீதத்துக்கு இணையான தொகையைச் செலவிட்ட மத்திய அரசு, 1960 வாக்கில் 17 சதவீதம் அளவுக்குச் செலவிட்டது. இதில் எனக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. 1936இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற கான்சாஸ் ஆளுநர் ஆல்ஃப் லாண்டன், முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை அநியாயமானது, நடைமுறைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகச் சாடினார். 1952இல் ஐசனோவர் வென்று, வெள்ளை மாளிகையோடு காங்கிரசின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரு அவைகளும் அதே கட்சியின் கைக்கு வந்தன. அப்போது அந்தச் சட்டத்தை நீக்காதது மட்டுமல்ல, 1954இல் மேலும் ஒரு கோடிப் பேர் அளவுக்கு அதன் வரம்பை விரித்தார்கள்.

இதற்கு ஐசனோவர் என்ற ஒருவரின் மிதவாதம்தான் காரணமா, அல்லது வாக்காளர்களே அக்கட்சியை அந்த இடத்துக்குத் தள்ளினார்களா? வாக்காளர்கள்தான் என்றால், 1936இல் அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகளில் (மாநிலவாரியாகக் கிடைப்பவை) 523ஐ அள்ளிய ஜனநாயகக் கட்சி, 1938க்குப் பிறகு நெடுங்காலம் பெரிய சமூகச் சட்டம் எதையும் நிறைவேற்ற முடியாமல் திணறியது ஏன்?

முதல் மறுமொழி:

ஐசனோவரின் இயல்புக்கும் பங்குண்டு. ஆனால் அவர் அரசியலுக்கு வருவதற்கு வெகுமுன்பே, 1936 நவம்பரில், இந்த வழக்கில் பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

1932 தேர்தலைப் பெரிய அரசுக்கு மக்கள் கொடுத்த ஆணை என்று பலர் படிக்கிறார்கள். அவ்வாண்டு அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் பேசிய ரூஸ்வெல்ட், மத்திய அரசின் நிர்வாகச் செலவை 25 சதவீதம் குறைப்பதாக வாக்குறுதி அளித்தார் என்பதையும், வங்கிகளுக்கும் ரயில் நிறுவனங்களுக்கும் அரசுப் பணத்தைக் கடனாகக் கொடுக்கும் கழகத்தை அதே ஆண்டில் தொடங்கியவர் அப்போதைய குடியரசுக் கட்சி அதிபர் ஹூவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வாசிப்பு நிற்காது. தேர்வாளர் வாக்குகளில் 472க்கு 59 என்ற முடிவில் மக்கள் மந்தநிலைக்குப் பொறுப்பானவர் என்று கருதியவரை இறக்கினார்கள். அடுத்து வரப்போகும் திட்டங்கள் அன்று அவர்கள் கண்முன் இல்லை.

1936இல்தான் திட்டங்களே வாக்குச்சீட்டில் நின்றன. சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்ட் 14இல் கையெழுத்தாகியிருந்தது. 1937 ஜனவரி முதல் தொழிலாளியின் ஊதியத்தில் 1 சதவீதம் பிடிக்கப்பட வேண்டும், முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும் என்பது விதி. மாதாந்திர ஓய்வூதியமோ 1940இல்தான் தொடங்கியது. அதாவது தேர்தல் நடந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது பிடித்தம் மட்டும்தான், பலன் எங்கோ தொலைவில் இருந்தது. எதிர்க்கட்சிக்கு இதைவிட வாய்ப்பான நேரம் அமைந்திருக்க முடியாது. லாண்டன் மில்வாக்கி நகரில் தம் தாக்குதலைத் தொடங்கினார். அக்டோபர் மாதக் கடைசியில் பல ஆலைகளில் தொழிலாளர்களின் சம்பள உறைக்குள் துண்டுச்சீட்டு வைக்கப்பட்டது: ஜனவரி முதல் உங்கள் கூலியில் பிடித்தம் செய்யப்போகிறார்கள், அந்தப் பணம் திரும்ப வரும் என்பதற்கு உறுதியில்லை என்ற பொருளில். முதலாளியும் அதே அளவு செலுத்துவார் என்பதைச் சீட்டு சொல்லவில்லை. அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் பேசிய ரூஸ்வெல்ட், மறைக்கப்பட்ட அந்தப் பாதியைத்தான் பிடித்துக்கொண்டார்.

மடியில் கை வைத்தால் எவரும் விழித்துக்கொள்வார்கள் என்பதே அந்தச் சீட்டின் கணக்கு. ஆனால் தொழிலாளர்கள் வேறுவிதமாக முடிவு செய்தார்கள். தம் பணமும் முதலாளியின் பணமும் சேர்ந்த ஓர் உரிமையைத் தங்களிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டு மாநிலங்களின் 8 தேர்வாளர் வாக்குகள். பின்னாளில் ரூஸ்வெல்ட், பொருளாதாரக் கணக்குக்காக அன்றி அரசியல் காரணத்துக்காகவே அந்தப் பிடித்தத்தை வைத்ததாகவும், அது இருக்கும்வரை எந்த அரசியல்வாதியும் திட்டத்தை ஒழிக்க முடியாது என்றும் சொன்னது பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது மறுமொழி:

மேலே நண்பர் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் அது அதிபர் தேர்தலைப் பற்றிய விளக்கம் மட்டுமே. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை தேடக் காங்கிரசுக்குள் நுழைய வேண்டும். அங்கே கட்சிப் பெயரை நம்பினால் ஒன்றும் புரியாது.

ஜனநாயகக் கட்சிக்குள் அன்று இரண்டு கட்சிகள் இருந்தன. வடக்கின் நகரங்கள், தொழிற்சங்கங்கள், குடியேறியவர்களின் குடும்பங்கள், 1936இல் பெருமளவில் அணி மாறிய கறுப்பின வாக்காளர்கள் ஆகியோர் ஒருபுறம். கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தடுத்துவைத்து, போட்டியே இல்லாமல் மீண்டும் மீண்டும் தேர்வாகி, பணிமூப்பு விதியால் காங்கிரஸ் குழுக்களின் தலைமையைப் பிடித்திருந்த தெற்கத்திய உறுப்பினர்கள் மறுபுறம். 1935 சட்டத்தின் முதியோர் ஓய்வூதியத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலையாட்களும் சேர்க்கப்படவில்லை. அதனால் தெற்கின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றார்கள். இந்தக் காலத்தை வெற்றிக்கதையாக மட்டும் எழுதும்போது மறைந்துபோவது இவர்கள்தான்.

1832 முதல் இருந்துவந்த ஒரு விதிப்படி, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; தெற்கின் கையில் இருந்த மறுப்புரிமை அது. 1936 ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் அந்த விதியை நீக்கினார்கள். ஆகவே வேட்பாளர் தேர்வில் தெற்கு பிடியை இழந்தது. காங்கிரசில் இழக்கவில்லை.

1937இல் உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக 6 நீதிபதிகள் வரை நியமிக்க ரூஸ்வெல்ட் முயன்றபோது அந்தப் பிளவு பகிரங்கமானது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் ஜார்ஜியா மாநிலத்தின் பார்ன்ஸ்வில் என்ற சிற்றூருக்குப் போனார். கிராமப்புற மின்திட்டம் ஒன்றின் தொடக்க விழா அது; அரசு விரிந்ததன் பலன் மக்களின் வீடுகளுக்குள் விளக்காக எரியப்போகும் நேரம். அதே மேடையில் அமர்ந்திருந்த தம் கட்சி செனட்டர் வால்டர் ஜார்ஜை வைத்துக்கொண்டே, அவருக்கு வாக்களிக்க வேண்டாம் என்று அதிபர் பேசினார். ஜார்ஜ் எழுந்து அந்தச் சவாலை ஏற்பதாகச் சொன்னார், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலில் வென்றும் காட்டினார். தென் கரோலினாவிலும் மேரிலாந்திலும் இதேதான் நடந்தது. மின்விளக்கை வரவேற்ற வாக்காளர்களே, தம் செனட்டரை வாஷிங்டன் தீர்மானிப்பதை ஏற்கவில்லை. (வாக்களித்தவர்கள் வெள்ளையர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.)

அவ்வாண்டு நவம்பரில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் சுமார் 80 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. அவர்களும் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினரும் கைகோத்தால் எந்தச் சட்டத்தையும் முடக்கலாம் என்ற நிலை வந்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938 ஜூன் சட்டத்துக்குப் பிறகு பெரிய சமூகச் சட்டங்கள் வராமல் போனதற்கு இதுவே காரணம். ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில், அதிபர் தேர்தல் ஒரு திசையிலும் காங்கிரஸ் வேறு திசையிலும் இழுத்தன.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓய்வூதியம் தனிமனிதர் பணம் செலுத்திப் பெறுவது, ஆகவே அதைத் தொட முடியாது என்பது புரிகிறது. மற்றத் திட்டங்களுக்கும் இது பொருந்துமா? குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் 1964இல் தோற்றதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாமா?

மூன்றாவது மறுமொழி:

பொருந்தும் என்பதற்கு 1948 நல்ல எடுத்துக்காட்டு. காங்கிரஸ் அப்போது குடியரசுக் கட்சியின் வசம் இருந்தது. விவசாய விளைபொருளுக்கு ஆதரவு விலைக் கடன் தரும் அரசு நிறுவனத்தின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, அந்நிறுவனம் புதிய தானியக் கிடங்குகளை வாங்குவதற்குத் தடை விதித்தார்கள். சட்ட வாசகத்தில் சிறிய திருத்தம்தான். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. தானியத்தை உரிய கிடங்கில் வைத்தால்தான் கடன் கிடைக்கும். கிடங்கில் இடம் இல்லாத விவசாயி, ஆதரவு விலைக்கும் கீழே விற்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 18 அன்று ஐயோவா மாநிலத்தின் டெக்ஸ்டர் ஊரில் நடந்த உழவுப் போட்டிக்கு வந்திருந்த பெருங்கூட்டத்திடம், இந்தக் காங்கிரஸ் விவசாயியின் முதுகில் குத்திவிட்டது என்று ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமன் பேசினார். 1944இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் டியூயிக்கு வாக்களித்திருந்த ஐயோவா, ஒஹையோ, விஸ்கான்சின் மூன்றும் 1948இல் ட்ரூமனிடம் வந்தன. கிடங்கு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல தலைமுறைகளாகக் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த மக்காச்சோள நிலத்திலேயே இது நடந்தது.

ஐசனோவர் இதையெல்லாம் பார்த்தவர். 1952 சிகாகோ மாநாட்டில் அவர் வீழ்த்திய ராபர்ட் டாஃப்ட், நியூ டீலை எதிர்த்தவர்களின் தலைவராகக் கருதப்பட்டவர். ஆகவே கட்சிக்குள் போராட்டம் வேட்பாளர் தேர்விலேயே நடந்து முடிந்திருந்தது. அதன்பின் கிடைத்த பெரும்பான்மையும் நூலிழைதான்: பிரதிநிதிகள் சபையில் 221 இடங்கள். 1954 நவம்பரில் ஐசனோவர் தம் அண்ணன் எட்கருக்கு எழுதிய கடிதத்தில், சமூகப் பாதுகாப்பையும் வேலையின்மைக் காப்பீட்டையும் ஒழித்து, தொழிலாளர் சட்டங்களையும் விவசாயத் திட்டங்களையும் நீக்க முயலும் கட்சி அரசியல் வரலாற்றிலேயே பிறகு இருக்காது என்று தெளிவாகக் கூறுகிறார். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் வாக்கு வேட்டைக்கு இடமில்லை. அதனால்தான் இதை அவருடைய மெய்யான கணிப்பாக நான் மதிக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. அவர் மிதவாதிதான், ஆனால் அந்த மிதவாதம் 1936 முதல் 1948 வரையிலான தோல்விகளைக் கணக்கில் கொண்டது.

1964ஐச் சான்றாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவ்வாண்டு ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் கோல்ட்வாட்டர் சமூகப் பாதுகாப்பை விரும்பியவர் மட்டும் சேரும் திட்டமாக மாற்றலாம் என்று பேசியதும், ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் தரப்பு அத்திட்ட அட்டையைக் கைகள் இரண்டாகக் கிழிக்கும் காட்சியைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கியதும் உண்மை. ஆனால் கென்னடியின் படுகொலை நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது, அணு ஆயுதப் போர் பற்றிய அச்சமும் சேர்ந்திருந்தது. கோல்ட்வாட்டர் தம் சொந்த அரிசோனாவைத் தவிர வென்ற 5 மாநிலங்களும் ஆழ்தெற்கில் இருப்பவை. அவர் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்ததே அங்கே அவருக்கு வழி திறந்தது. இரண்டாவது மறுமொழியில் சொல்லப்பட்டபடி ஜனநாயகக் கட்சிக்குள் வடக்கும் தெற்கும் சேர்ந்திருந்த பழைய கூட்டணி உடையத் தொடங்கிய தேர்தல் என்றே அதை முதலில் படிக்க வேண்டும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1972. அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் ஓய்வூதியத்தை 20 சதவீதம் உயர்த்தி, இனி விலைவாசிக்கு ஏற்பத் தானாகவே உயரவும் வழி செய்தது. அவ்வளவு உயர்வை விரும்பாத குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன், அதில் கையெழுத்திட்டார். உயர்ந்த தொகை அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. காசோலையோடு ஓர் அறிவிப்பும் இருந்தது: இந்த உயர்வைக் காங்கிரஸ் இயற்றியது, அதிபர் ரிச்சர்ட் நிக்சன் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார் என்று.