‘ஊர் தேய்ந்தது’ என்று எழுதலாமா?

மெய்ப்புக்காரன்:
தங்கசாலைப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். போன வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு தெருச் சங்கத்தின் ஆண்டு மலர் வேலைக்கு வந்தது. அதில் பி அண்டு சி மில் (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக் என்ற பழைய துணி ஆலை) பற்றி ஒரு பெரியவர் கட்டுரை. “1996-ல் ஆலை மூடப்பட்ட பின் பெரம்பூர் தேய்ந்தது” என்று முடித்திருந்தார். நான் அதை ‘நலிந்தது’ என்று மாற்றினேன். மனுஷர் ஃபோனிலேயே பிடித்துக்கொண்டார். என் வாக்கியத்தில் கை வைக்க நீ யார் என்கிறார்.

என் கணக்கு இதுதான். செருப்பு தேயும், சோப்பு தேயும், டயர் தேயும். ஊர் எப்படித் தேயும்? ஊர், தொழில், குடும்பம் என்று வந்தால் நலிவுதான். சரியா, தப்பா?

ஏழுகிணறு:
தப்பு தம்பி. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்கிறோமே, கழுதையை யார் காலில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எல்லாமே தேய்தல்தான். நிலா எதோடும் உரசாமலே பதினைந்து நாளில் காணாமல் போகிறது.

அப்புறம் இந்த ‘நலிவு’ யார் வாயில் வருகிறது? நலிந்த பிரிவினர், நலிவுற்ற ஆலை, நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவி. எல்லாம் மனு எழுதும் பாஷை. எங்கள் வீட்டில் கடனில் மூழ்கியவரை ‘நொடிச்சுப் போயிட்டாரு’ என்பார்கள். உடம்பு வற்றினால் ‘இளைச்சுட்டாரு’. ‘நலிஞ்சுட்டாரு’ என்று ஒருத்தர் சொல்லியும் நான் கேட்டதில்லை. குறளிலேயே இருக்கிறது: “நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்னீர பேதையார் நட்பு.” பேதையின் நட்பு தேய்பிறை!

மெய்ப்புக்காரன்:
அண்ணே, அந்தக் குறளில் ‘தேய்’ என்ற சொல்லே கிடையாது. ‘பின்னீர’ என்றுதான் இருக்கிறது, தேய்பிறை உரைகாரர்கள் சொல்வது. நலிதல் ஒன்றும் நேற்று அரசாணையில் பிறந்த சொல்லும் இல்லை. பசி நலிகிறது, பிணி நலிகிறது என்பது பழைய வழக்கு. வருத்துகிறது என்று பொருள். வருத்தம் இருப்பதால்தான் அதை மனிதர்களுக்குப் போடச் சொல்கிறேன். தேய்மானம் டாக்டரும் ஆடிட்டரும் வைத்துக்கொள்ளட்டும். ஒருவருக்கு முட்டி, இன்னொருவருக்கு மிஷின்.

காசிமேட்டுக்காரி:
இரண்டு பேரும் பாதியில் நிற்கிறீர்கள். ‘தேய்’ வருகிற குறளைப் பாருங்கள். “அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை.” இன்னொன்று, “கடுமொழியும் கையிகந்த தண்டமும் வேந்தன் அடுமுரண் தேய்க்கும் அரம்.” இரண்டிலும் தேய்ந்தது இல்லை, தேய்க்கிறது. செல்வத்தைத் தேய்க்கக் கண்ணீர் இருக்கிறது, ராஜாவின் பலத்தை ராவ அரம் இருக்கிறது. ‘தேய்ந்தது’ என்று எழுதும்போது அரத்தைப் பிடித்த கை மறைந்துவிடுகிறது. எனக்கு அதுதான் உறுத்தல்.

எங்கள் கடற்கரையைச் சொல்கிறேன். 1870களில் துறைமுக வேலை தொடங்கியது. இந்தக் கரையில் கடல், மணலை வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். நடுவில் துறைமுகச் சுவர் நின்றதும் மணல் தெற்கே தங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. வீடு போயிற்று, தெரு போயிற்று, இப்போது கல் கொட்டி, கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதை ‘வடசென்னைக் கரை தேய்ந்தது’ என்று நீங்கள் எழுதினால் என்னவோ வயசாகித் தேய்ந்த மாதிரி இருக்கும். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கடல் அரிச்சிட்டுப் போச்சு’ என்பார்கள். பாவம், கடல் பேரிலாவது பழியைப் போடுகிறார்கள்!

ஏழுகிணறு:
அக்கா, எல்லாவற்றுக்கும் ஒரு கை தேட முடியாது. ராயபுரம் ரயில் நிலையத்தை எடுங்கள். 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன். 1873-ல் சென்ட்ரல் வந்தது, பிறகு எழும்பூர். வண்டிகள் அங்கே அங்கே போகப்போக இது சின்னதானது. தூண்கள் அப்படியே நிற்கின்றன, மின்சார ரயிலில் போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. யாரும் தேய்க்கவில்லை. தேய்ந்தது.

காசிமேட்டுக்காரி:
சென்ட்ரலை எவரோ உட்கார்ந்து முடிவெடுத்துத்தானே கட்டினார்கள்? சரி விடுங்கள், ஸ்டேஷனை உங்களுக்கே தருகிறேன். மில்லைத் தரமாட்டேன். 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்று தொழிலாளர் சங்கம் வளர்த்த இடம் அது. அது தேயவும் இல்லை, நலியவும் இல்லை. மூடினார்கள்.

பட்டாளத்துப் பேரன்:
அக்கா, பெரியவர் ஆலை தேய்ந்தது என்று எழுதவே இல்லையே. ஆலை மூடப்பட்டது, ஊர் தேய்ந்தது என்றுதானே எழுதியிருக்கிறார்? ரொம்பச் சரியாகப் பிரித்திருக்கிறார் என்பேன்.

என் தாத்தா மில்காரர். சங்கு நின்ற மறுநாளே தெரு ஒன்றும் விழுந்துவிடவில்லை. விடியற்காலை ஷிஃப்டுக்காகத் திறக்கிற டீக்கடை ஒன்று இருந்தது. கொஞ்ச நாள் பழக்கத்தில் நாலு மணிக்கே திறந்தார், அப்புறம் ஐந்தரை, அப்புறம் ஏழு. சைக்கிள் ஸ்டாண்டில் வரிசை குறைந்தது. சம்பள நாளுக்கு வருகிற புடவைக்காரர் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார். எந்தத் தேதியில் முடிந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இதற்கு ‘நலிந்தது’ போட்டால் ஏதோ காய்ச்சலில் படுத்தது போல இருக்கிறது. டீக்கடைக்காரர் கடைசி வரை திடமாகத்தான் இருந்தார், தம்ளர்தான் குறைந்தது.

மெய்ப்புக்காரன்:
அப்படியென்றால் பெரம்பூர் தேய்ந்தது என்பதே பொய்யாகிறதே? மில் நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள், தேய்வது யார் என்று தெரியும்.

பட்டாளத்துப் பேரன்:
நிலம் வளர்ந்தது. ஊர் என்று பெரியவர் சொல்வது நிலத்தையா?

மெய்ப்புக்காரன் (இரண்டு நாள் கழித்து):
சரி, தோற்றேன். பெரியவரைக் கூப்பிட்டு உங்கள் சொல்லே இருக்கட்டும் ஐயா என்றேன். அவசரத்தில் நானே திருத்தித் தட்டினேன். 500 பிரதி ஓடி, மடித்து, கட்டுக் கட்டிய பிறகு பார்க்கிறேன்: “ஆலை மூடப்பட்ட பின் பெரம்பூர் தேய்த்தது.” ‘ந்’ போட வேண்டிய இடத்தில் ‘த்’. நாளை காலைக்குள் 500-லும் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும்.

காசிமேட்டுக்காரி:
ஒட்டாத பிரதி ஒன்று எனக்கு எடுத்து வை தம்பி.